இருபத்தொன்பதாம் பாகம்

ஒற்றை எண் அவனுக்கு, இரட்டை எண் எனக்கு.
ஏழாம் ஆண்டில், கொட்டகலை பஸ்ஸின் கடைசி சீட்டில்,
நூற்றெண்பது ரூபாயைத் தனியாகச் சேர்க்க முடியாதென்று
இருவரும் செய்துகொண்ட ஒப்பந்தம்.
கதை முப்பது பாகமென்று
முதல் அட்டையிலேயே போட்டிருந்தது.
அதற்குள் நமக்குக் கல்யாணமாகிப்
பல்லும் விழுந்துவிடும் என்றான் யோகதாசன்.

பல் விழவில்லை. மற்றது அவனுக்கு ஆனது:
வெலிமடையில், இரண்டு பிள்ளைகள், ஒரு மரக்கறி லொறி.

கடல் வற்றிப்போன நாட்டில் ஒரு படகோட்டி.
வேழினி. இடது கண் இல்லை.
படகைத் தோளில் சுமந்து
தண்ணீரைத் தேடிப் போகிறாள்.
உப்பரசனின் ஆட்கள் பின்னால்,
மூன்று கால் நாயொன்று முன்னால்.
இவ்வளவுதான் கதை. இதற்கு இருபத்தோரு வருடம்.

முதலில் படிக்கிறவர் வாயைத் திறக்கக் கூடாது.
ஒரு செய்தி மட்டும் சொல்லலாம்,
பின்னட்டையின் உட்பக்கத்தில், பென்சிலால்,
சின்னதாய் ஒரு சரி அடையாளம்:
நாய் உயிரோடு இருக்கிறது.
அதைப் பார்த்த பிறகுதான்
முதல் பக்கத்தைத் திறப்பேன்.

பதினாறில் வரைகிற கை மாறியது.
மூக்குகள் கூராயின.
கோடாய்ப் பெய்த மழை புள்ளியாய் விழுந்தது.
ஒரு வாரம் சாவு வீட்டுக்காரன்போல் திரிந்தான்.
அவளுக்கு வயசாகுது, அவ்வளவுதான் என்றேன்.
நம்பினானா தெரியாது.

சண்டையொன்றும் இல்லை எங்களுக்குள்.
இருபத்தேழை பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினான்,
பழுப்பு உறையில், ஒரு வரி எழுதாமல்.
இருபத்தெட்டை நானும் அப்படியே.
அதன் கடைசிக் கட்டத்தில்
கிணற்று விளிம்பில் நாய் நிற்கிறது,
உள்ளே பார்த்தபடி.

பிறகு பெட்ரோல் வரிசை, மா வரிசை.
விலை ஏறி, ஏறின இடத்திலேயே குந்திக்கொண்டது.

இருபத்தொன்பது வந்து பதினாலு மாதம்.
ஹட்டனில் பளீல் நானா கடையில்,
கொப்பிகளுக்கும் பசைப் போத்தல்களுக்கும் நடுவில்.
ஆயிரத்து நானூற்றைம்பது.
வாங்க என்னால் முடியும்.
ஆனால் அது அவனுடைய முறை.
அடகுக் கடையில் ரசீது எழுதுகிறவள் நான்,
அடுத்தவர் பொருளை மீட்டுப் பழக்கமில்லை.

அதனால் சனிக்கிழமைகளில் கடையில் நின்று படிக்கிறேன்.
நாலு பக்கம். மழை சாய்த்து அடித்தால் பத்து.
முதல் நாளே பொலித்தீன் உறை பிரிந்திருந்தது.
யார் நானா கிழித்தது என்றேன்.
எலி, என்றார்.
அடுத்த கிழமை ஒரு ஸ்டூல் போட்டார்.

அறுபத்தொன்றாம் பக்கத்து ஓரத்தில்
செம்மண், உருளைக்கிழங்கு மூட்டையின் செம்மண்.
அந்த எலிக்குப் பெருவிரல் இருந்தது.

நான் எதுவும் கேட்கவில்லை.
செவ்வாய்க்கிழமைகளில் வெலிமடை லொறிகள் வரும்,
ஊருக்கே தெரிந்ததுதானே.

இன்று நூற்றிருபதில் நிற்கிறேன். இன்னும் ஆறு பக்கம்.
பக்கம் முழுக்கக் கறுப்பு,
நடுவில் ஒரு கயிறு மட்டும் வெள்ளையாய்
இறங்கிக்கொண்டே போகிறது.
குரைப்பொலிக்கான எழுத்துகள் எங்கேயும் இல்லை.
ஒரு கட்டத்துக்கும் அடுத்ததற்கும் இடையில்
விரல் அகல வெற்றிடம் விடுவார்களே,
அங்கேதான் எங்கோ கிடக்கிறது அது.

ஏமாற்று வேலைதான். பின்னட்டையைத் திருப்பினேன்.
ஒன்றுமில்லை.
பல்புக்கு நேரே சாய்த்துப் பார்த்தேன்,
அழித்த தடம்கூட இல்லை.
அவன் இன்னும் முடிக்கவில்லை.
இல்லாவிட்டால்

ஷட்டர் பாதி இறங்கிவிட்டது.
டிக்கோயா பஸ் ஹோர்ன் அடிக்கிறது.
புத்தகத்தை இருந்த இடத்தில் செருகினேன்,
முதுகு சுவர்ப்பக்கம், வேறு யாரும் இழுக்காதபடி.
பிறகு திரும்பிவந்து
ஒரு பென்சில் வாங்கினேன். முப்பது ரூபாய்.
சீவித் தாங்க நானா, என்றேன்.
கடைசித் தாளுக்கும் அட்டைக்கும் நடுவில்
அதை வைத்தேன்.