பகுதி ஆனாலும்

குளச்சலில் ஐஸ் பிளாண்டுக்கு மேலே வாடகை அறை.
தரை எப்போதும் சில்லென்றிருக்கும்.
நான்கு துறைமுகங்களின் கட்டணப் புத்தகங்களை
ஒரே அட்டவணையில் உட்காரவைக்க
சென்னைக் கம்பெனி எனக்கு ஆறு வாரம் தந்திருக்கிறது.

உட்கார மறுக்கின்றன.

ஒன்று கப்பலின் வயிற்றை அளந்து காசு கேட்கிறது.
ஒன்று நீளத்தை, மூக்கிலிருந்து வால்வரை.
மூன்றாவது கடிகாரம் பார்க்கிறது:
எட்டு மணி நேரம் ஒரு கூறு,
பகுதி ஆனாலும் முழுதாகக் கொள்ளப்படும்.
நான்காவது இலவசம் போலத்தான் தொடங்கும்.
பிறகு தண்ணீருக்குத் தனி, குப்பைக்குத் தனி,
கயிறு கட்டும் நால்வருக்குத் தனி,
அவிழ்க்கும் அதே நால்வருக்கு
இன்னொரு தனி.

எது மலிவு என்று கேட்டிருக்கிறார்கள்.
எந்தக் கப்பலுக்கு என்று திருப்பி எழுதினேன்.
பதில் இல்லை.

கீழே லீமாரோஸ் ஐஸ் வாங்குகிறாள்.
பாருக்கு ஒரு விலை, உடைத்துத் தந்தால் உடைகூலி.
"உருகிப் போனதுக்கும் சேத்துல்லா வாங்குதீரு?"
அவள் சத்தத்தில் என் பேனா நிற்கிறது.
நான்கு புத்தகத்திலும் இந்தக் கேள்வி இல்லை.

'இழுவை' என்ற கட்டத்துக்கு வந்தபோது சாயங்காலம்.
இழுக்கும் படகின் குதிரைத்திறனுக்கு இவ்வளவு,
இரவானால் கால் பங்கு கூடுதல்,
ஞாயிறானால் இன்னொரு கால்,
கூப்பிட்டுவிட்டு வேண்டாமென்றால்
அதற்கும் பாதி.

கரையில் எஞ்சினைப் பிரித்துப் போட்டிருந்த
வறுவேலிடம் கேட்டேன்:
நடுக்கடலில் நின்றுபோன வள்ளத்தை
இழுத்துவந்தால் எவ்வளவு?
"மண்ணெண்ணெய்தான். பின்ன என்ன?"
பிளக்கைத் துடைத்தபடி கொஞ்சம் யோசித்தான்.
"மிடாலத்துக்காரனுக்கு மட்டும் அஞ்சு லிட்டர் கூடுதலு."
ஏன்?
"போன வருசம் அவனுவ எனக்கிட்ட வாங்கினானுவல்லா."
ஆகாத ஆளென்றால்?
"பத்தியாசையா?"
எழுந்து கடலைப் பார்த்தான்.
"இழுப்பேன். வழி முழுக்க ஏசிக்கிட்டே இழுப்பேன்."

அன்றிரவு ஐந்தாவது வரிசை சேர்த்தேன்.
துறைமுகம்: இந்த மணல்.
அலகு: லிட்டர்.
அடிப்படை: போன வருசம்.
கூடுதல் கட்டணம்: ஏச்சு.
காலையில் அழித்தேன்.
கம்பெனிப் படிவத்தில்
நான்கு வரிசைக்குத்தான் கோடு போட்டிருக்கிறது.

மொட்டைமாடியில் நின்றால்
தெற்கே ஒளிப்புள்ளிகள் நகர்வது தெரியும்.
வயிறும் நீளமும் மணிக்கணக்கும் உள்ள
பெரிய கப்பல்கள்.
இந்தக் கரையைக் கடந்துபோவதற்கு
யாரும் அவற்றிடம் எதுவும் கேட்பதில்லை.

நேற்று பதினேழு எண்ணினேன்.
பதினெட்டாவது பாதி தெரியும்போதே
மழைக்குள் போய்விட்டது.

முழுதாகக் கொண்டேன்.