ஐந்நூறு ஹெர்ட்ஸ்

மார்ச்சில் கொழிஞ்சாம்பாறை ஓட்டில் இறங்கும் காக்கை
கால் மாற்றிக் கால் மாற்றி நிற்கும்.
உரக்கடையாக இருந்த அறையைத்தான்
காது சோதிக்கும் இடமாக்கி வைத்திருக்கிறேன்.
சுவரெங்கும் பஞ்சுப்பலகை, இரட்டைக் கதவு,
கதவிடுக்கில் சைக்கிள் டியூப்.
வெளியே பஸ் போனாலும் உள்ளே தெரியாது.
உள்ளே இருந்ததுதான் எனக்குத் தெரியவில்லை.

இரண்டு செங்கலை அடுக்கிய அளவுக் கம்ப்யூட்டர்.
இடத்தை அடைக்காது என்று சொல்லி விற்றான்.
காதை அடைக்கும் என்று சொல்லவில்லை.
பதினொரு மணிக்கு மேல் அதற்குள் ஓர் இரைச்சல் ஏறும்,
எங்கோ நெல் மில் ஓடுவதுபோல்.
எனக்குப் பழகிவிட்டது.
பழக்கம் என்பது காது சொல்லும் பொய் என்று
வகுப்பெடுக்கத் தெரிந்தவள்தான் நான்.

ஆரோக்கியமேரி, இருபத்து மூன்று வயது,
கஞ்சிக்கோட்டுக் கம்பெனி வேலைக்குச் சான்று கேட்டு வந்தவள்,
நான் பொத்தானை அழுத்தும் முன்பே கை தூக்கினாள்.
"இன்னும் சத்தமே குடுக்கலையே?"
"குடுத்தீங்களே. ம்ம்ம்ம்னு."
கம்ப்யூட்டரைக் காட்டினாள்.

சித்தூரிலிருந்து பிரசோப் வந்தான்.
ஸ்க்ரூவைப் பல்லில் கடித்தபடியே
"எண்டெ அம்மே" என்றான், தகட்டைக் கழற்றியதும்.
அலுமினியச் சீப்பின் பல்லிடுக்கில்
பாலக்காட்டுக் கணவாய் மொத்தமும் படிந்திருந்தது:
தை மாதக் கிழக்குக் காற்றின் செம்மண்,
கடலைத் தோல், பனம்பூப் பொடி,
பழைய யூரியாவின் வெள்ளை.
காற்றாலை நட்டவர்கள் கோடி கொட்டித் தேடி வந்த காற்று
என் மேசைக்கடியில் மூச்சு முட்டிக் கிடந்தது.

பசை காய்ந்து சுண்ணாம்பாகியிருந்தது.
சுரண்டித் துடைத்து மிளகளவு புதிதாக வைத்தான்.
உள்ளங்கை விசிறியைப் பிடுங்கிவிட்டு
விரித்த கை அளவில் ஒன்று.
"சின்னது ஓடி ஓடி ஒச்ச வைக்கும், சேச்சி.
பெரிசு நடந்தே பணி தீர்க்கும்."
அதற்காகப் பக்கத் தகட்டில் வட்டம் அறுத்தான்.
நாலு ஸ்க்ரூவுக்கும் அடியில் ரப்பர்,
கதவில் மிஞ்சிய அதே டியூப்.
சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வைத்தான்.
பிறகு விசிறிக்குப் புத்தி சொன்னான் திரையில்:
அறுபது டிகிரி வரை சோம்பிக் கிட,
எழுபதில் நட,
எண்பதைத் தாண்டினால் மட்டும் ஓடு.
தொண்ணூற்று நாலில் கொதித்தது
அறுபத்தெட்டில் அடங்கியது.
ஆயிரத்து முந்நூறு வாங்கிக்கொண்டு போனான்.

அறையில் ஒன்றுமில்லை.
என் கைக்கடிகாரம் இருந்தது.
நான் எச்சில் விழுங்குவது இருந்தது.

மேரியைத் திரும்ப உட்கார வைத்தேன்.
ஐந்நூறு ஹெர்ட்ஸில் அன்றைக்கு முப்பத்தைந்து டெசிபல்.
இன்றைக்குப் பதினைந்து.
நல்ல காது. எப்போதும் நல்ல காதாகத்தான் இருந்திருக்கிறது.

அவள் போனபின் அலமாரியைத் திறந்தேன்.
இரண்டு கோடைகளின் தாள்கள்.
மார்ச், ஏப்ரல், மே: வந்தவர் எல்லாருக்கும்
ஒரே இடத்தில் ஒரே சரிவு.
ஜூன் மழைக்கு ஊரே குணமாகியிருந்தது.
'தாழ்ந்த ஒலிகளில் லேசான குறைபாடு.'
என் கையெழுத்து, என் முத்திரை.
பஸ் ஓட்ட வந்த மீரான் ராவுத்தர்.
வாளையாற்றில் வாட்ச்மேன் வேலைக்கு நின்ற கனகப்பன்.
வடகரப்பதியிலிருந்து, பெண் பார்க்க வருவதற்கு முன்
முக்காடிட்டு வந்து போன ஒருத்தி,
பெயர் வேண்டாம் என்றாள், 'சு' என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.
நாற்பத்தொரு தாளிலும் நான் வரைந்திருந்தது
ஒரு விசிறியின் படம்.

காலையில் முதல் எண்ணைப் போட்டேன்.
"யாரு, காது டாக்டரம்மாவா?
கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க.
எனக்குத்தான் சரியாக் கேக்காதே,
நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க."

மெதுவாகத்தான் சொன்னேன்.
அவர் பேசவில்லை.
அந்தப் பக்கம் ஒரு பஸ் ஹாரன் அடித்தபடி போனது,
வேறு யாரோ ஓட்டுகிற பஸ்.