பலகையில் எண் மாற்றுபவள்

காலையில் என் முதல் வேலை
எண் மாற்றுவது.
ரூயியெனா மர அறுவை ஆலையின் வாசலில்
ஒரு தகரப் பலகை, மூன்று ஆணி,
ஆணிக்கொன்றாய் மரத்துண்டில் எழுதிய எண்.
மேலே “விபத்தில்லாத நாட்கள்”.
கீழே, நேற்றைவிட ஒன்று கூட.
ஏழுக்கு மட்டும் சாயம் உரிந்திருக்கும்.
பனியில் விரல் விறைக்க அதை மாட்டும்போது
ஒன்றா ஏழா என்று எனக்கே சந்தேகம் வரும்.

ஐந்நூறைத் தொட்டால் ஆளுக்கு அரை மாதச் சம்பளம்
என்றார் வால்டர்ஸ், போன கோடையில்.
அதற்குப் பிறகு
யாருக்கும் எதுவும் ஆகவில்லை.
முதலுதவிப் பெட்டியில்தான்
பஞ்சு குறைந்துகொண்டே வந்தது.

பிப்ரவரியில் ரீகாவிலிருந்து ஒரு கட்டு வந்தது.
நாற்பத்தாறு பக்கம், மூலையில் ஊக்கு.
பணியிடப் பாதுகாப்பு, உடல்நலம்:
மேலாண்மை முறைக்கான தேசிய வழிகாட்டுதல்கள்.
கட்டாயமில்லை என்று
முதல் பக்கத்திலேயே போட்டிருந்தது.
கொள்கை ஒன்று வகுத்துக்கொள்வது நன்று.
பொறுப்பு யாருடையதென எழுதிவைப்பது நன்று.
வேலை செய்பவரைக் கலந்துகொள்வது நன்று.
ஒவ்வொரு வரியும் கதவைத் தட்டிவிட்டு
வெளியிலேயே நின்றது.

சாப்பாட்டு அறையில் வாசித்துக் காட்டச் சொன்னார்கள்.
திட்டமிடு, செய், சரிபார், திருத்து என்று
ஒரு வட்டம் வரைந்திருந்தது.
“வட்ட ரம்பம் மாதிரி இருக்கு” என்றான் எகில்ஸ்.
சிரித்தார்கள். நானும்தான்.
மோத்ரிஸ் சூப்பை
இடது கையால் குடித்துக்கொண்டிருந்தான்.

இருபத்தொன்பதாம் பக்கத்தில் நாக்கு தடுக்கியது.
விபத்தில்லாததற்குப் பரிசு கொடுத்தால்
விபத்து நிற்காது, அதன் வாய்தான் அடைபடும்.
இவ்வளவு நேராக எழுதவில்லை அவர்கள்.
“தெரிவிக்கும் ஆர்வத்தைக் குறைக்கக்கூடும்” என்றிருந்தது.
இன்னொரு முறை, மெல்ல, வாசித்தேன்.
கரண்டிச் சத்தம் நின்றது.

முழுப் பூசணிக்காயை மறைக்கச் சோறு போதாது.
ஒரு விரலுக்குக் கையுறை தாராளம்.
ஆறு நாளாய் வலக்கையிலிருந்து அவன் அதைக் கழற்றவில்லை.
எல்லோரும் பார்த்தோம்.
பார்த்தபடியே எண்ணிக்கொண்டிருந்தோம்.
நானூற்று எண்பத்தெட்டு.
என் சமையலறையில்
கடனுக்கு வாங்கிய துணி துவைக்கும் இயந்திரம்
அட்டைப்பெட்டி பிரிக்காமல் நின்றது.
அதையும் சொல்லிவிட வேண்டும்.

அன்று மாலை கையுறையிலிருந்து வாடை வந்தது.

மறுநாள்
நான்கைக் கழற்றினேன். எட்டை. இன்னோர் எட்டை.
சுழியத்தை மாட்டினேன்.
மற்ற இரண்டு ஆணிகளிலும் பனி உட்கார்ந்தது.

“யார் சொல்லி?” என்றார் வால்டர்ஸ்.
“இருபத்தொன்பதாம் பக்கம்.”
“அது கட்டாயமில்லையே.”
“தெரியும்.”

வால்மியெரா மருத்துவமனையில்
சுட்டுவிரலின் முதல் கணுவை எடுத்தார்கள்.
அன்றே வந்திருந்தால்
மூன்று தையலோடு போயிருக்குமாம்.

அதன் பிறகு என் மேசையில் யாரும் உட்காரவில்லை.
எகில்ஸ் உப்பைக்கூட என்னிடம் கேட்காமல்
சுற்றி வந்து எடுத்துப் போனான்.
இயந்திரத்தை, பெட்டி பிரிக்காததால்,
கடைக்காரர் திருப்பி வாங்கிக்கொண்டார்.
பலகையைக் கழற்று என்றும் யாரும் சொல்லவில்லை,
பரிசு உண்டா என்றும் யாரும் கேட்கவில்லை.
நான் மாட்டிக்கொண்டிருந்தேன்,
ஒன்று, இரண்டு, சாயம் போன ஏழு.

நேற்று வாசல் அறைக் கதவுக்கடியில் ஒரு தாள்.
பெயரில்லை.
“இரண்டாம் ரம்பத்தின் மூடி
செவ்வாய்க்கிழமையிலிருந்து ஆடுகிறது.”
இடக்கைக்குப் பழகாத எழுத்து,
வரி மேலேறிப் போய்த் தாளின் ஓரத்தில் முட்டியிருந்தது.

ரம்பத்தை நிறுத்தினோம்.
இருபது நிமிடம், இரண்டு திருகாணி.
எகில்ஸ்தான் முடுக்கினான், திட்டிக்கொண்டே.

ரீகாக் கட்டின் கடைசியில் ஒரு படிவம் உண்டு.
என்ன நடந்தது என்று கேட்டு
ஒரு விரல் அகலத்துக்கு இடம் விட்டிருக்கிறார்கள்.
ஒன்றும் நடக்கவில்லை என்று எழுதினேன்.
எழுதிவிட்டு, நேரத்தையும் போட்டேன்.
காலை ஒன்பது பத்து.

பலகையில் இன்று இருபத்துமூன்று.
அடுத்த ஏழு வர நான்கு நாள் இருக்கிறது.
சாயம் வாங்க வேண்டும்.