வந்துபோனது

இக்கீட்டோஸுக்குச் சாலை கிடையாது.
ஆற்றில் வரலாம், இல்லையென்றால் விமானம்.
வைரஸ் எதில் வந்ததென்று
யாரும் டிக்கெட் கேட்டதில்லை.

புதன்கிழமைதோறும் நீ வருவாய், ரோல்தான் அவனாரி,
மூன்று சக்கர வண்டியில்
பெலென் சுகாதார நிலையத்து ரத்தக் குழாய்களோடு.
குறுக்கே படுத்த நாய்களுக்கு ஹாரன் அடிக்க மாட்டாய்.
இறங்கி, பேசி, எழுப்புவாய்.
அதனால் பத்து நிமிடம் தாமதம், எப்போதும்.

"தண்ணீர்த் தொட்டியை மூடினாயா?"
"எனக்குத்தான் வந்துபோயிற்றே டாக்டர்!"

நான் டாக்டர் இல்லை. எண்ணுகிறவள்.

"நாலு வருஷம் முன்னால். ஒன்பது நாள்.
எலும்பையெல்லாம் துவைத்துப் பிழிந்தது.
இனி என்னைக் கண்டால் ஒதுங்கிப் போகும்."

ஒதுங்கவில்லை.

ஒரு மில்லிமீட்டரில் இருபதாயிரம் நிற்கும், அவ்வளவு சிறிது.
மேலே பாய்ச்சே மீனின் செதில்போல்
நூற்றெண்பது புரதங்கள், படுத்தபடி.
தோலுக்கடியில் ஒரு காவல் செல்
கைகளை நீட்டி நிற்கிறது.
சர்க்கரையைத் தடவிப் பார்ப்பது அதன் வழக்கம்;
அயலார்மேல் ஒருவிதச் சர்க்கரை ஒட்டியிருக்கும்.
இதன்மேலும் இருந்தது.
பிடித்தது.
பிடிபட்டது யார்?

பிடித்ததை விழுங்குவதுதானே அதற்குத் தொழில்.
சவ்வு குழிந்தது, பையானது,
பை உள்ளே நகர்ந்தது.
போகப்போகப் புளிப்பேறும் அங்கே.
எதையும் கரைத்துவிடச் செல் வைத்திருக்கும் பழைய உபாயம்.
காமு காமுவை வெறுமனே கடித்தவன்போல
எல்லாம் கண்ணை மூடிக்கொள்ளும் என்ற நம்பிக்கை.
அந்தப் புளிப்பில்தான் செதில்கள் விழித்தன.
எழுந்தன, மும்மூன்றாய்க் கைகோத்தன,
நுனியைப் பையின் சுவரில் செருகி மடங்கின,
அதன் சவ்வும் இதன் சவ்வும்
எது எதென்று தெரியாமல் ஆகும்வரை.
ஒரு துளை.
ஒரு நூல் நழுவி வெளியே வந்தது.
பத்தாயிரத்துச் சொச்சம் எழுத்து.
ஒரு செல்லை வேலைக்காரனாக்க அது போதும்.

இது முதல் தடவைக்கு.
இரண்டாம் தடவை இத்தனை சிரமம்கூட இல்லை.

ஒரு வயிற்றுப் பிள்ளைகள் நாலு பேர் அவர்கள்.
உனக்கு அறிமுகம் ஒருவனோடு.
வந்தவன் தம்பி.
உன் ரத்தத்தில் நாலு வருஷமாய்த் திரிந்த கவட்டைக் கம்புகள்
முகஜாடை பார்த்து ஓடிப்போய்ப் பிடித்தன;
பிடி இறுகவில்லை.
கவட்டையில் அவன், சாகாமல்.
அடிக்கம்பைப் பற்றிக்கொள்ள
விழுங்கும் செல்களில் கொக்கி உண்டு.
நம் ஆள் கொண்டுவருகிறான், திற என்று திறந்தன.
நீ ஐஸ் பெட்டியோடு நுழையும்போது
எங்கள் வாசல் காவலாளி நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டானே,
அப்படி.

ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது.
நெய்தா கோழிச் சாறு கொண்டுவந்தாள்,
வார்டு முழுக்கச் சொன்னாள்.
அன்றைக்குத்தான் உன் நாளங்கள் கசிய ஆரம்பித்தன.

தட்டணு முப்பத்தோராயிரம்.
மறுநாள் பதினெட்டு.
மறுபடி எண்ணினேன். பதினெட்டுதான்.
குழாயில் உன் பெயர்.
பெட்டியைக் கொண்டுவந்தவன் வேறொருவன்,
ஹாரன் அடித்துக்கொண்டு,
சரியான நேரத்துக்கு.

சாயமிட்டு, விளக்கணைத்துப் பார்த்தேன்.
இருட்டில் உன் செல் ஒன்று
பச்சையாய் எரிந்தது.
அழகாயிருந்தது.
இதை நெய்தாவிடம் சொல்லவில்லை.

ஏழு வாரம் கழித்து வந்தாய்.
பெல்ட்டில் புதிதாய் இரண்டு துளை.
பத்து நிமிடம் தாமதம்.
"இதோடு தீர்ந்தது இல்லையா?"
விரல் மடக்கிக் காட்டினேன்:
இன்னும் இரண்டு பேர்.

நீ ஒன்றும் சொல்லவில்லை.
படியோரம் ஒரு வாளி,
சனிக்கிழமை மழைத் தண்ணீரோடு.
குனிந்து பார்த்தாய்,
காலால் சாய்த்துவிட்டு வண்டி ஏறினாய்.

என் வாளி.