பச்சைத் திரை

மெய்தான் என்று பெயர் இந்தப் பந்தயத் திடலுக்கு.
அரபியில் என்ன பொருளோ,
துபாயில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
தமிழில் எழுதிப் பார்த்தால்
உண்மைதான் என்று வருகிறது.
மெய் என்றால் உடம்பும்தான்.

எனக்குத் திரை பிடிக்கிற வேலை.
ஓட்டத்தில் குதிரை விழுந்தால்
வண்டியிலிருந்து நாலு பேர் குதித்து
ஆளுயரப் பச்சைத் துணியை விரித்துச்
சுற்றி நிற்க வேண்டும்.
மாடத்தில் இருப்பவர்கள் பார்க்கக் கூடாது.
நாங்கள் பார்க்கலாம்.
பார்க்காமல் பிடிக்க வராது.

முல்தான்காரன் இர்ஷாத், நேபாளத்துக் குமான்சிங்,
பாளையங்கோட்டை ஆரோக்கியநாதன், நான்.
எதுவும் விழாத இரவுகளில்
வண்டிக்குள் ஏசியைப் போட்டுக்கொண்டு
கதை கேட்போம்.
சொல்கிறவள் டார்லா, மருத்துவரின் உதவியாள்,
கென்டக்கிக்காரி. வாயைத் திறந்தால் குதிரை.

இருபத்தோரு ஓட்டத்தில்
ஒன்றே ஒன்று தோற்ற மேன் ஓ வார்.
தோற்கடித்ததன் பெயர் அப்செட்.
‘பேர் வைக்கும்போதே முடிவாகிப்போச்சு’
என்றான் ஆரோக்கியநாதன்.

எழுபத்து மூன்றில் பெல்மாண்டில்
முப்பத்தோரு குதிரை நீளம் முந்திய செக்ரடேரியட்.
போனில் காட்டினாள்:
கேமரா பின்வாங்கிப் பின்வாங்கி
மற்றக் குதிரைகளைத் தேடுகிறது.
செத்தபின் அதன் இதயத்தைப் பார்த்தவர்
தராசில் வைக்கவில்லையாம்.
கைக்கணக்கில் பத்துக் கிலோ என்றாராம்.
நான் கையை ஏந்திப் பார்த்தேன்.
கை தன்னால் தாழ்ந்தது.

இந்தக் கட்டடம் எழும்புமுன்
இதே மணலில்
முதல் உலகக் கோப்பையை வென்றது சிகார்.
பிறகு பொலிக்கு விட்டார்கள்.
ஒரு குட்டிகூட இல்லை.

ஒன்பது வருஷமாகிறது ஆரோக்கியநாதனுக்குக் கல்யாணமாகி.
‘அப்புறம் என்ன பண்ணாங்க அதை?’
‘ஒன்றும் பண்ணவில்லை. பூங்காவில் இருந்தது.
ஜனங்கள் வந்து பார்த்தார்கள், சாகும்வரை.’
‘யாரும் ஒண்ணும் கேக்கலையா?’
டார்லாவுக்குக் கேள்வி புரியவில்லை.
நான் மொழிபெயர்க்கவில்லை.

ரஃபியன் கதையை ஒரே தடவைதான் சொன்னாள்.
கறுத்த பெட்டை.
கால் முறிந்த பின்னும் ஓடப் பார்த்தது.
கொடிமரத்தருகே புதைத்தார்கள்,
மூக்கு எல்லைக்கோட்டைப் பார்த்திருக்க.
அன்றைக்குத் திரை இருந்ததா என்று கேட்டேன்.
தெரியவில்லை என்றாள்.

மார்ச் கடைசிச் சனி, ஆறாவது ஓட்டம்,
நானூறு மீட்டர் கம்பத்தடியில்
லேட் ஹார்வெஸ்ட் விழுந்தது.
அமெரிக்காவிலிருந்து விமானத்தில் வந்த நாலு வயது.
குதிரைப் பாஸ்போர்ட்டில் போட்டோ பெரிதில்லை,
கோட்டுப்படத்தில் சுழி இருக்குமிடமெல்லாம்
பெருக்கல் குறி போட்டிருக்கும்.
ஆரோக்கியநாதன் அதை ஜாதகம் என்பான்.
இதற்கு நெற்றியில் இரட்டைச் சுழி.
இங்கிருந்து காயலுக்குக் கப்பலில் போன குதிரைகளுக்கும்
இப்படி யாராவது சுழி பார்த்திருப்பார்கள்.

ஓடினோம். விரித்தோம்.
எதிர்க்காற்று. துணி என்னை இழுத்தது.
மாடம் மொத்தமும் வாயடைத்த சத்தம் கேட்டது.
டார்லா முழங்காலிட்டுக் கால் கால்களாகத் தடவினாள்.
மருத்துவரின் பெட்டி திறந்திருந்தது.
நான் அதன் கண்ணில்
பச்சையாக, நாலாக, வளைந்து நின்றேன்.

அவள் கடைசிக் காலையும் கீழே வைத்தாள்.
‘ஒன்றுமில்லை. மூச்சு அடைத்திருக்கிறது.’

குதிரை முன்னங்காலை ஊன்றியது.
இரண்டு தடவை சறுக்கி எழுந்து
உடம்பை ஒரு உதறு உதறி
மணலை எங்கள் வாயில் போட்டது.
பிறகு கால்களை அகட்டி
நிதானமாக, நெடுநேரம்
மூத்திரம் பெய்தது.

முதலில் இர்ஷாத். அப்புறம் குமான்சிங்.
ஆரோக்கியநாதன் துணிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்,
தோள் குலுங்க.
‘சிரிக்காதே’ என்றாள் டார்லா கண்ணைத் துடைத்து,
‘வெளியே அழுகிறார்கள்.’

திரையை இறக்கு என்று
இன்னும் யாரும் சொல்லவில்லை.
பிடித்துக்கொண்டிருந்தோம்.
பூட்ஸுக்குள் சூடாக இறங்கிக்கொண்டிருந்தது.