பிடிப்பு

காலை ஆறே காலுக்கு மஞ்சள் பஸ்ஸைச் சூடாக்குவேன்.
ஐம்பத்திரண்டு பிள்ளைகள், பதினாலு தரிப்பு.
ஒன்பதாவது, எங்கள் வீட்டு முடக்கு.
இப்போது அதில் யாரும் ஏறுவதில்லை.
ஆனாலும் கால் தானாய் பிரேக்குக்குப் போகும்.
“இங்க ஒருத்தரும் இல்லை” என்று
பின்சீட்டுப் பொடியன் ஒருவன் கத்துவான்.
தெரியும் தம்பி.

மேலே, திரை இழுத்த அறையில் ஆரபி.
வயது பதின்மூன்று. மாடிப்படி பதினைந்து.
போன கிழமை ஏழாவது படியில் இருந்துவிட்டாள்.
நானும் எட்டாவதில் இருந்தேன்.
ஏதோ பஸ் வருமென்று காத்திருப்பவர்கள் மாதிரி
இருவரும் சுவரைப் பார்த்தபடி.

இரத்தத்தில் ஒன்றுமில்லை.
எடுத்த படங்களில் ஒன்றுமில்லை.
நோர்மல், நோர்மல் என்று
தாள்கள் வாழ்த்து மடல் மாதிரி வந்து சேர்ந்தன.
ஒரு வருசம் நானும் அவற்றை நம்பினேன்.
ஒரு திங்கட்கிழமை,
“எழும்பு, நடிக்காதை” என்று போர்வையை உருவினேன்.
அவள் அழவில்லை.
சப்பாத்தைப் போட்டாள். வாசல்மட்டும் வந்தாள்.
கதவுப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.
அதைப் பற்றி நாங்கள் இன்னும் கதைக்கவில்லை.

ரொறன்ரோவில் ஒரு டொக்டர் கடைசியில் பெயர் சொன்னார்,
மருந்து சொல்லவில்லை.
ஒன்றிலிருந்து பத்துக்குள் நோ எவ்வளவு என்று கேட்டார்.
ஆரபி என்னைப் பார்த்தாள்.
குத்துதா, கடுக்குதா, எரியுதா,
விண்ணெண்டு தெறிக்குதா, உளையுதா?
“உளைவெண்டால்?”
சேத்துக்குள்ள நாள் முழுக்க நடந்த கால் மாதிரி,
ஆனால் நீ நடக்கவே இல்லை.
“அதுதான்” என்றாள்.
டொக்டருக்கு அதைச் சொல்ல எனக்கு இங்கிலீஷ் வரவில்லை.
ஆறு என்று எழுதிக்கொண்டார்.

வரவு போதாதென்று
சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் அவள் பெயரை வெட்டிவிட்டார்கள்.
இப்போது போனில் ஒரு சொல் அனுப்புவாள்.
பஸ்ஸை டிப்போவில் விட்ட பிறகுதான் பார்ப்பேன்.
கடுப்பு. உளைவு. உளைவு.
எப்போதாவது, சும்மா.
‘சும்மா’ வந்த நாளில்
வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ரேடியோவைக் கூட்டி வைப்பேன்.

சுகந்தினி இரவு வேலை முடிந்து வருவாள்,
முதியோர் இல்லத்தில் எட்டுப் பேரைக் கழுவித் துடைத்த கையோடு.
அங்குள்ளது மாதிரியே ஒரு கதிரை
எங்கள் குளியலறையிலும் இருக்கிறது.
அதில் இருத்தி மகளுக்குத் தலை கழுவி விடுவாள்.
தலை கழுவினால் அன்றைக்குக் கணக்குப் பாடம் இல்லை.
கணக்குச் செய்தால், சிநேகிதியோடு கதை இல்லை.
எதை விடுவதென்று அவளே சொல்லுவாள்.
நாங்கள் வாயை மூடிக்கொண்டிருக்கப் பழகுகிறோம்.

“முகத்தைப் பார்த்தால் ஒண்டும் தெரியேல்லையே,
வெயில் படவேணும்” என்றார் தெய்வேந்திரம் அண்ணை.
தை மாதம். ஏஜாக்ஸ்.
எந்தக் கடையில் விற்கிறார்கள் என்று கேட்டேன்.

நேற்றிரவு முழுக்கக் கொட்டியது.
ஐந்தரைக்குப் போன் வந்தது: இன்று பஸ் ஓடாது, பள்ளிக்கூடமும் பூட்டு.
வீதியில் ஒரு சக்கரத் தடமும் இல்லை.
அவள் அறைத் திரையை ஒரு சாண் விலக்கினேன்.
“நீங்கள் போகேல்லையா?”
ஒருத்தரும் போகேல்லை.
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.
பிறகு, எத்தனை மாதத்துக்குப் பிறகோ, சத்தமாய்ச் சிரித்தாள்.
“இண்டைக்கு ஊருக்கே ஏலாது, என்ன?”

எதிர்வீட்டுக்காரன் சவளோடு வெளியே வந்தான்.
நாலு தரம் வாரினான்.
ஐந்தாவதில் நாரியைப் பிடித்துக்கொண்டு வளைந்து நின்றான்.
“உளைவு” என்றாள் ஆரபி, தலையணையிலிருந்து.
இல்லை, அது பிடிப்பு.
“பிடிப்பெண்டால்?”