மூன்றாவது வால்வு

சீசன் பாஸில் இன்னும் பதினொரு நாள் மிச்சம் இருந்தது.
சட்டைப் பையில் அதோடு பாதி தீர்ந்த ஜெலுசில் அட்டை,
பஸ் டிக்கெட்டின் பின்னால் அவர் கையெழுத்தில்
‘டீ மஞ்சுநாத் 48’.

நெஞ்சு கரிக்குது என்று காலையிலேயே சொன்னாராம்.
கேஸ்தான், போயிடும் என்று பதிலையும் அவரே சொன்னாராம்.
ஹூடி ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில்
பதினான்காவது படியிலோ பதினைந்தாவதிலோ உட்கார்ந்தவர்.
கூட வந்தவர் ஒவ்வொரு முறை சொல்லும்போதும்
படி மாறுகிறது.
சாயங்கால ரயில் மட்டும் அன்றைக்குச் சரியான நேரத்துக்கு வந்ததாம்.

தேசிங்கு, வயது ஐம்பத்தேழு.
தங்கவயல் சாம்பியன் லைன் வீட்டிலிருந்து
விடியுமுன் கிளம்பும் வண்டியில்
இருபத்திரண்டு வருஷம் பெங்களூர் போய்வந்தவர்.
விதான சவுதா எப்படிப்பா இருக்கும் என்று தம்பி கேட்டால்
‘பெரிசா இருக்குமாம்’ என்பார்.

அவர் வேலை பார்த்த அபார்ட்மெண்டின் பெயர் ரிவர் டேல்.
ஆறு கிடையாது.
எண்பத்து நாலு வீடு, வற்றிப்போன இரண்டு போர்,
ஒரு நாளைக்கு ஆறு டேங்கர்.
வந்த தண்ணீரை மாடிக்கு ஏற்றுவது அப்பா.

அதற்கு முன்னால் சுரங்கத்தில்.
மூவாயிரம் அடிக்குக் கீழே ஊறுகிற தண்ணீரை
இரவும் பகலும் இறைத்து வெளியே கொட்டும் பம்ப்.
அங்கே அது யாருக்கும் வேண்டாத தண்ணீர்.
ரெண்டாயிரத்து ஒன்றில் கேட்டைப் பூட்டினார்கள்,
பம்பையும் நிறுத்தினார்கள்.
‘இப்ப உள்ள எல்லாம் ரொம்பியிருக்கும்’ என்பார் திடீரென்று,
அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்தவர் மாதிரி.

பெரிய நல்லவர் என்று சொல்லமாட்டேன்.
ஒரு இரும்பு பீரோவுக்காகச் சித்தப்பாவோடு
ஒன்பது வருஷம் பேசவில்லை.
தம்பியை ஒருமுறை பெல்ட்டால் அடித்துவிட்டு
ராத்திரி முழுக்க வாசற்படியில் பீடி குடித்துக்கொண்டிருந்தார்.
என் கல்யாணக் கடனில் இன்னும் பதினாலு தவணை இருக்கிறது.
ராத்திரி ஒன்பதரைக்குத் தட்டின் முன் உட்கார்ந்தால்
அவரிடம் இருந்ததெல்லாம் ஒரே பேச்சு:
‘மூணாவது வால்வை முழுசாத் தெறக்கக் கூடாது.
முக்கால் சுத்து. மீறினா பி பிளாக்குக்கு ஏறாது.’
சோத்தைப் பாத்துத் தின்னுய்யா என்பாள் அம்மா.
நான் காதில் ஒயரை மாட்டிக்கொள்வேன்.

எப்போதும் ரயிலில் திரும்பியவர்
அன்று முதல்முறையாக ரோடு வழியாக வந்தார்.
நாலாயிரத்து ஐநூறு கேட்டான் ஆம்புலன்ஸ்காரன்.
அம்மா அந்த அழுகையிலும் நாலாயிரம் என்றாள்.
கொடுத்தது நாலாயிரத்து இருநூறு.
சித்தப்பா வந்தார். கால்மாட்டில் நின்றார்.
பேசவேண்டியதை யோசித்துக்கொண்டே நின்றுவிட்டு
பந்தல்காரனுக்குப் பணம் கொடுத்துவிட்டுப் போனார்.

பால் தெளிக்கும் நாள், காலை ஐந்து ஐம்பது.
அப்பாவின் போன் அடித்தது.
எடுத்தால் கன்னடத்தில் ஒரு பெண் குரல்
திடுக்கிட்டு நின்றது. அபார்ட்மெண்ட் செக்ரட்டரி.
யாரும் எடுப்பார்கள் என்று நினைக்கவில்லை, மன்னியுங்கள் என்றாள்.
புதுப் பையனுக்கு ஒன்றும் தெரியவில்லையாம்,
ரெண்டு நாளாக பி பிளாக்கில் சொட்டுத் தண்ணீர் இல்லையாம்,
அவர் எங்கேயாவது எழுதி வைத்திருக்கிறாரா?

எழுதவில்லை என்றேன்.
போனை அந்தப் பையனிடம் கொடுங்கள் என்றேன்.

‘மூணாவது வால்வு. எவ்வளவு தெறந்திருக்க?’
‘முழுசா.’
‘மூடு. இப்ப முக்கால் சுத்து. அவசரப்படாத.’
மோட்டார் அங்கே வெறும் வயிறாகக் கத்தியது.
நான் அந்த அறையைப் பார்த்ததே இல்லை.
‘சத்தம் கனமாகும். அதுவரைக்கும் நில்லு’ என்றேன்,
அப்பா சொன்ன அதே வார்த்தையில்,
கேட்டேன் என்றே எனக்குத் தெரியாத வார்த்தையில்.

கொஞ்ச நேரம் கழித்துச் சத்தம் கனமானது.
எங்கோ ஒரு குழாய்க்குள் தண்ணீர் ஏறத் தொடங்கியது.

பால் செம்போடு வந்த அம்மா
யாருடி இந்நேரத்துல என்றாள்.
வேலை எடத்துல இருந்து என்றேன்.
லீவு சொல்லிட்டியா என்று கேட்டுவிட்டு
அப்படியே நின்றாள்.